கையடக்க ரேடியோ ஸ்கேனர் வாங்குவது எப்படி: அமெரிக்காவில் புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூ ஜெர்சிக் கரையைத் தொட்டது. எடிசனில் நாங்கள் இருந்த குடியிருப்பில் முதலில் மின்சாரம் போனது, கொஞ்ச நேரத்தில் கைபேசி சிக்னலும் போனது. கீழ் வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் தன்னார்வத் தீயணைப்பு வீரராக இருந்தவர். அவர் கைக்கு அடக்கமான ஒரு சிறிய ரேடியோவைக் கொண்டுவந்து மாடிப்படியில் வைத்தார். எந்தத் தெருவில் மரம் விழுந்திருக்கிறது, எந்தப் பாலத்தை மூடிவிட்டார்கள், எங்கே தண்ணீர் ஏறுகிறது என்று ஒவ்வொன்றாக அதிலிருந்து தெரியவந்தது. டிவியும் இணையமும் இல்லாத அந்த இரவில் எங்கள் கட்டடம் முழுவதற்கும் ஊர் நிலவரம் சொன்னது அந்த ஒரு கருவிதான்.

அடுத்த மாதமே நானும் ஒன்று வாங்கினேன். 150 டாலர் கொடுத்து, யாரோ பயன்படுத்திய பழைய ஸ்கேனர். போலீஸ், தீயணைப்பு எல்லாம் வரும் என்று விற்றவர் சொன்னார். வீட்டுக்கு வந்து போட்டால் மோட்டார் ஓடுவது போன்ற ஒரு கரகர சத்தம் மட்டும்தான் வந்தது. கருவியில் கோளாறு எதுவும் இல்லை. நான் கேட்க நினைத்தவர்கள் டிஜிட்டலுக்கு மாறியிருந்தார்கள், என்னிடம் இருந்ததோ அனலாக் ஸ்கேனர். ஸ்கேனர் வாங்குகிற வேலையில் பாதி, கடைக்குப் போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். உங்கள் வீட்டுக்கு மேலே காற்றில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் எந்த மாடலைப் பற்றியும் யோசிக்க வேண்டாம். இந்த வழிகாட்டியின் வரிசையும் அதனால்தான் இப்படி இருக்கிறது: மாடல் பெயர்கள் வருவதற்கு நேரமாகும்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. ஸ்கேனர் கேட்க மட்டும் செய்யும், பேசாது. நீங்கள் பதிந்து வைத்த அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகத் தட்டிப் பார்க்கும். யாராவது பேசினால் அங்கே நிற்கும், பேச்சு முடிந்ததும் மறுபடி ஓடும். வாக்கி டாக்கியிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான்.

முதல் படி: என்ன கேட்க ஆசை என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து உண்மையிலேயே எழுதுங்கள். "எல்லாமே" என்று எழுதினால் எழுநூறு டாலர் செலவாகும், அதன் பிறகும் எல்லாமே வராது. ஒவ்வொரு ஆசைக்கும் தேவையான கருவி வேறு, விலையும் வேறு.

விமானம் பிடிக்கும் என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை ஏஎம் முறையில், அனலாக்கில், பூட்டு எதுவும் இல்லாமல் பேசுகிறார்கள். நெவார்க் விமான நிலையத்தின் கோபுரம் 118.3, ஜேஎஃப்கே கோபுரம் 119.1. வாசலில் நின்று தலைக்கு மேலே போகிற விமானத்தைப் பார்த்துக்கொண்டே அந்த விமானியின் குரலைக் கேட்கலாம். பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு முறை அதைக் காட்டுங்கள், அப்புறம் ஸ்கேனர் உங்கள் கைக்குத் திரும்ப வருவது கடினம். ராணுவ விமானங்கள் 225 முதல் 400 வரை பேசும். நியூ ஜெர்சியின் மெக்வயர் விமானப் படைத் தளத்துக்கு அருகில் இருப்பவர்கள் வாங்கும் கருவியில் அந்தப் பகுதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலிவான மாடல்களில் அது இருக்காது.

ரயில் பிடிக்கும் என்றால் அதுவும் சுலபம். அமெரிக்க ரயில்வே 160, 161 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பெரும்பாலும் சாதாரண எஃப்எம் முறையில்தான் பேசுகிறது. எங்கள் எடிசன், மெட்டுச்சன் வழியாகப் போகும் வடகிழக்குத் தடத்தில் ரயில்கள் பேசும் 'ரோட்' சேனல் 160.920. பல தடங்களில் தண்டவாள ஓரத்தில் தானியங்கி உணர்கருவிகள் இருக்கும். ரயில் கடந்து போனதும் அச்சு சூடாகியிருக்கிறதா என்று பார்த்து, குரலில் அறிவிக்கும். அந்தக் குரல் ஸ்கேனரில் கேட்டால், பக்கத்தில் ரயில் போகிறது என்று வீட்டுக்குள் இருந்தபடியே தெரிந்துகொள்ளலாம்.

துறைமுகம், கடற்கரை அருகில் இருப்பவர்களுக்குக் கப்பல் சேனல்கள் 156 முதல் 162 வரை. 16ஆம் சேனல், அதாவது 156.800, உதவி கேட்கவும் அழைக்கவும். 13ஆம் சேனல் 156.650இல் கப்பல்கள் ஒன்றுக்கொன்று வழி பேசிக்கொள்ளும். நியூயார்க் துறைமுகத்தைச் சுற்றி அது ஓய்வதே இல்லை.

வானிலை ஒலிபரப்பு 162.400 முதல் 162.550 வரை ஏழு சேனல்களில் இரவு பகலாக வருகிறது. ஸ்கேனர் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் இது பயன்படும். புயல் நேரத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், கருவியைச் சோதிக்கவும் இதுதான் கைகொடுக்கும். பின்னால் சொல்கிறேன்.

ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் நண்பர்கள், 144 முதல் 148 வரையிலும், 420 முதல் 450 வரையிலும். சர்வதேச விண்வெளி நிலையம் 145.800இல் கீழே பேசும். சில நாட்களில் வீரர்கள் பள்ளிக் குழந்தைகளோடு பேசுவது அதில் நேரடியாக வரும்.

கடைசியாக, பெரும்பாலானோர் ஸ்கேனர் வாங்கவே காரணமாக இருக்கும் இரண்டு துறைகள்: தீயணைப்பும் போலீசும். பணமும் குழப்பமும் ஏறுவது இங்கேதான். அதனால் அடுத்த இரண்டு படிகளை அவசரப்படாமல் படியுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் மாவட்டத்தில் யார் எப்படிப் பேசுகிறார்கள்

ரேடியோரெஃபரன்ஸ் என்ற தளத்தில் அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலத்துக்கும், ஒவ்வொரு கவுன்டிக்கும் அலைவரிசைப் பட்டியல் இருக்கிறது. ஆர்வலர்களே சேர்த்துத் திருத்தி வருவது. பார்ப்பதற்குப் பணம் வேண்டாம். உங்கள் கவுன்டியைத் திறந்து, ஊர்த் தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்கு நேரே என்ன முறை என்று போட்டிருக்கிறது என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, சாதாரண அனலாக். ஒரு துறைக்கு ஓர் அலைவரிசை, அவ்வளவுதான். எந்த ஸ்கேனரிலும் வரும். சிறிய ஊர்த் தீயணைப்புப் படைகள் பல இன்னும் இதில் இருக்கின்றன. தீ விபத்து நடக்கும் இடத்தில் எளிமையான ரேடியோதான் நம்பிக்கையானது என்று அந்தப் படைகளில் பலர் நினைக்கிறார்கள்.

இரண்டாவது, டிரங்கிங். பெயர் மிரட்டும், விஷயம் எளிது. பழைய வங்கிகளில் பணம் கட்ட ஒரு கவுன்ட்டர், எடுக்க ஒரு கவுன்ட்டர், டிராஃப்டுக்கு ஒரு கவுன்ட்டர் என்று இருக்கும். ஒன்றில் கூட்டம் நெரியும், மற்றது காலியாகக் கிடக்கும். இப்போது டோக்கன் கொடுக்கிறார்கள். பலகையில் உங்கள் எண் வந்ததும் எந்தக் கவுன்ட்டர் காலியோ அங்கே போகிறீர்கள். டிரங்கிங்கும் இதேதான். ஒரு கவுன்டியின் எல்லாத் துறைகளும் பத்துப் பதினைந்து அலைவரிசைகளைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. கட்டுப்பாட்டுச் சேனல்தான் அந்த டோக்கன் பலகை. 'வடக்குத் தீயணைப்புக் குழு இப்போது நான்காம் அலைவரிசைக்குப் போ' என்று அது சொல்லும், எல்லா ரேடியோவும் அங்கே தாவும். அந்தப் பலகையைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனருக்குத்தான் டிரங்கிங் ஸ்கேனர் என்று பெயர். படிக்கத் தெரியாத ஸ்கேனரில் ஒரு பேச்சின் முதல் வரி ஓரிடத்திலும், அதற்கான பதில் எங்கோ வேறிடத்திலுமாகச் சிதறி வரும்.

மூன்றாவது, டிஜிட்டல். அரசுத் துறைகளில் பெரும்பாலும் பி25 என்ற டிஜிட்டல் முறை. இதில் முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று இரண்டு உண்டு. இரண்டாம் கட்டத்தில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேச்சுகள் மாறி மாறி ஓடும். முதல் கட்டம் மட்டும் தெரிந்த பழைய டிஜிட்டல் ஸ்கேனருக்கு இரண்டாம் கட்டம் புரியாது. பழைய கருவி வாங்குவோர் அதிகமாக ஏமாறுவது இந்த இடத்தில்தான். 'டிஜிட்டல்' என்று பெட்டியில் எழுதியிருந்தால் போதாது, எந்தக் கட்டம் என்று கேளுங்கள். தனியார் நிறுவனங்கள், கல்லூரி வளாகங்கள், சில சிறிய ஊர்கள் டிஎம்ஆர், என்எக்ஸ்டிஎன் என்ற வேறு டிஜிட்டல் முறைகளில் பேசும்.

நான்காவது, குறியாக்கம், அதாவது மற்றவர் கேட்க முடியாதபடி பேச்சைப் பூட்டி அனுப்புவது. இதைக் கேட்க வழியே இல்லை. எந்த விலை கொடுத்து எந்த ஸ்கேனர் வாங்கினாலும் வராது, உடைத்துக் கேட்க முயல்வது சட்டப்படி குற்றம். 'எல்லாவற்றையும் திறக்கும்' என்று யாராவது விற்க வந்தால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். டென்வர் போலீஸ் 2019இல் மொத்தமாகப் பூட்டிக்கொண்டது. நியூயார்க் போலீஸ் 2023இல் புரூக்ளினில் இருந்து பூட்டத் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ 2021இல் பூட்டி, மக்கள் கேட்டுக்கொண்ட பிறகு 2022இல் திறந்தது. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். பாதிக்கப்பட்டவர்களின் விவரங்கள் காற்றில் போகக் கூடாது என்பது நியாயமான கவலைதான். ஆனால் அன்றாட அழைப்புகளையும் சேர்த்துப் பூட்டும்போது, சாண்டி இரவில் எங்களுக்குக் கிடைத்த தகவல் போன்றதும் பூட்டப்பட்டுவிடுகிறது.

ரேடியோரெஃபரன்ஸ் பட்டியலில் டிரங்கிங் குழுக்களுக்கு நேரே முறையைக் குறிக்கும் ஆங்கில எழுத்து இருக்கும். அதோடு பெரிய 'இ' சேர்ந்திருந்தால் முழுப் பூட்டு, சின்ன 'இ' என்றால் சில நேரங்களில் மட்டும் பூட்டு. உங்கள் ஊர்ப் போலீஸ் வரிசை முழுவதும் பெரிய 'இ' என்றால், போலீசுக்காக ஸ்கேனர் வாங்கும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். தீயணைப்பும் ஆம்புலன்சும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் திறந்தே இருக்கும்.

அதோடு பிராட்காஸ்டிஃபை என்ற தளத்தில் யாராவது உங்கள் ஊர் ரேடியோவை இணையத்தில் ஓடவிட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். ஒரு வாரம் கேளுங்கள். அந்தப் பேச்சு உங்களுக்குப் பிடிக்கிறதா, அல்லது இரண்டே நாளில் அலுத்துவிடுகிறதா என்று காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாம் படி: ஒரே செய்தி பல கோபுரங்களிலிருந்து வருகிறதா

இதைக் கடைக்காரர்கள் சொல்லவே மாட்டார்கள். விலை உயர்ந்த ஸ்கேனர் வாங்கியும் வாயில் கூழாங்கல் போட்டுப் பேசுவது போலக் கேட்கிறது என்று நொந்துபோகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

பெரிய பி25 அமைப்புகளில் ஒரே பேச்சைப் பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் ஒலிபரப்பும். இதைச் சைமல்காஸ்ட் என்பார்கள். நீங்கள் இரண்டு மூன்று கோபுரங்களுக்கு நடுவில் இருந்தால் ஒவ்வொன்றின் அலையும் நுண்ணிய நேர வித்தியாசத்தில் வந்து ஒன்றோடொன்று மோதும். கோயில் திருவிழாவில் தெரு முழுக்கக் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். நடுவில் நின்று கேட்டால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் எதிரொலி போல ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, சொல் எதுவும் புரியாது. ஒரே ஒரு குழாயின் அருகில் போய் நின்றால் தெளிவாகிவிடும். அதே கதைதான். துறையினர் கையில் வைத்திருக்கும் ரேடியோக்கள் இந்த மோதலைச் சமாளிக்கும்படி செய்யப்பட்டவை, பழைய பாணி ஸ்கேனர்கள் அப்படிச் செய்யப்படவில்லை. சிக்னல் முழுப் புள்ளி காட்டும், பேச்சு மட்டும் உடைந்து உடைந்து வரும்.

ரேடியோரெஃபரன்ஸில் உங்கள் அமைப்பின் தள விவரத்தைத் திறந்தால் சைமல்காஸ்ட் என்று குறித்திருக்கும். அப்படி இருந்தால் உங்கள் தேர்வு சுருங்கிவிடும். யூனிடன் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த எஸ்டிஎஸ்100 இந்தச் சிக்கலை நேரடியாகச் சமாளிக்க வடிவமைத்தது. யூனிகேஷன் ஜி4, ஜி5 என்ற தீயணைப்புப் பேஜர்களும் இதில் கெட்டி, ஆனால் ஸ்கேனர் போல எல்லாவற்றையும் தேடித் தராது. வேறு ஸ்கேனர் ஏற்கெனவே கையில் இருந்தால் சில வித்தைகள் உண்டு: அறையில் இடம் மாற்றிப் பாருங்கள், சிறிய ஆன்டெனா போடுங்கள், அட்டெனுவேட்டரைப் போட்டு சிக்னலைக் குறையுங்கள், அல்லது ஒரே கோபுரத்தைப் பார்க்கும் திசை ஆன்டெனா வையுங்கள். அந்த ஒரு குழாயின் அருகில் போய் நிற்கிற வேலையைத்தான் இவை எல்லாம் செய்கின்றன. ஜன்னல் ஓரத்தில் ஒரு முழம் நகர்த்தி வைத்ததில் சரியான வீடுகளும் உண்டு.

நான்காம் படி: இப்போது மாடல்

தாளில் எழுதியதை எடுத்து வையுங்கள். விலைகள் கடைக்குக் கடை மாறும், கீழே சொல்வது தோராயம்.

விமானம், ரயில், கப்பல், வானிலை, ஹாம், அனலாக் தீயணைப்பு, இவ்வளவுதான் உங்கள் பட்டியல் என்றால் யூனிடன் பேர்கேட் பிசி125ஏடி போதும். நூறு முதல் நூற்றைம்பது டாலருக்குள் முடிந்துவிடும். 500 சேனல், 'வங்கி' எனப்படும் பத்துக் குழுக்களாகப் பிரித்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கலாம், ராணுவ விமானப் பகுதியும் 380 மெகாஹெர்ட்ஸ் வரை உண்டு. பக்கத்தில் யாராவது பேசினால் அந்த அலைவரிசையைத் தானே பிடித்துக் காட்டும் 'குளோஸ் கால்' வசதி இதில் எனக்கு மிகவும் பிடித்தது. இதன் தம்பி பிசி75எக்ஸ்எல்டி இன்னும் மலிவு, ஆனால் ராணுவ விமானம் வராது. வித்தியாசம் சில டாலர்தான், அண்ணனையே வாங்குங்கள். என் பார்வையில் புதிதாக வருகிற பத்துப் பேரில் ஏழு பேருக்கு இந்த ஒரு கருவி போதும். இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும், சட்டைப் பையில் அடங்கும், கீழே விழுந்தாலும் மனம் பதறாது. டிரங்கிங்கும் டிஜிட்டலும் இதில் வராது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

பி25 இருக்கிறது, சைமல்காஸ்ட் இல்லை என்றால் யூனிடன் பிசிடி436எச்பி, விஸ்லர் டிஆர்எக்ஸ்-1 இரண்டும் தகுதியானவை. இரண்டுமே பி25 இரண்டாம் கட்டம் வரை கேட்கும். சாதாரண ஏஏ பேட்டரியில் ஓடுவது வெளியூர்ப் பயணத்தில் பெரிய வசதி. 436இல் அஞ்சல் குறியீட்டு எண்ணைத் தட்டினால் உங்கள் பகுதியின் சேனல்கள் தாமாக வந்து நிற்கும்.

பி25, அதுவும் சைமல்காஸ்ட் என்றால் எஸ்டிஎஸ்100. அறுநூறு, எழுநூறு டாலர் ஆகும். விலை அதிகம்தான், ஆனால் அந்த நிலையில் இருப்பவர் பாதி விலைக்கு வேறொன்றை வாங்கி, கேட்க முடியாமல் விற்று, கடைசியில் இதைத்தான் வாங்குகிறார். வாங்கும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: டிஎம்ஆர், என்எக்ஸ்டிஎன் ஆகியவை யூனிடனில் தனியாகப் பணம் கட்டித் திறக்க வேண்டியவை. உங்கள் ஊரில் அவை இல்லையென்றால் அந்தச் செலவு வேண்டாம்.

பெயரளவில் போட்டிக்கு நிற்கும் இன்னும் இரண்டு வழிகளையும் சொல்லிவிடுகிறேன். பாவ்ஃபெங் யூவி-5ஆர் முப்பது டாலருக்குக் கிடைக்கிறதே, அதையே ஸ்கேனராக வைத்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்கிறார்கள். அது பேசும் கருவி. சேனல் தாவும் வேகம் மிகக் குறைவு, அதற்குள் பேச்சு முடிந்துவிடும். தெரியாமல் பொத்தானை அழுத்தினால் உரிமம் இல்லாமல் ஒலிபரப்பிய குற்றம் உங்கள் மேல் வரும், அது தீயணைப்புச் சேனலாக இருந்தால் ஓர் உயிருக்கே இடைஞ்சல். வேண்டாம். ஹாம் உரிமம் எடுத்த பிறகு அதற்காக வாங்குங்கள்.

மற்றது ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற யூஎஸ்பி கருவி. முப்பது நாற்பது டாலர். மடிக்கணினியில் செருகி எஸ்டிஆர்டிரங்க் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் பி25 டிரங்கிங்கையே கேட்கலாம். கையில் எடுத்துப்போக முடியாது என்பதுதான் குறை. ஆனால் எழுநூறு டாலர் செலவழிக்கும் முன் உங்கள் வீட்டில் அந்தக் கோபுரங்கள் எட்டுகின்றனவா, எதெல்லாம் பூட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. டிஜிட்டல் ஸ்கேனர் வாங்க நினைக்கும் யாருக்கும் முதலில் இதை வாங்கச் சொல்வேன்.

ஐந்தாம் படி: சட்டம்

அமெரிக்காவில் வீட்டில் ஸ்கேனர் கேட்பது கூட்டாட்சிச் சட்டப்படி சரி. கைபேசிப் பேச்சைக் கேட்பது 1986 முதலே குற்றம், 1994க்குப் பிறகு இங்கே விற்கும் ஸ்கேனர்களில் கைபேசியின் 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியை அடைத்தே தர வேண்டும். கேட்டதைப் பரப்புவதற்கும், அதைத் தன் ஆதாயத்துக்குப் பயன்படுத்துவதற்கும் 1934 தகவல்தொடர்புச் சட்டத்தில் தடை இருக்கிறது. விபத்துச் செய்தி கேட்டு அந்த இடத்துக்கு ஓடுவது சட்டத்துக்கு முன் அடிப்படை மரியாதைக்கே விரோதம்.

மாநிலச் சட்டம்தான் ஆளை மாட்டிவிடும். ஃபுளோரிடா, இந்தியானா, கென்டக்கி, மினசோட்டா, நியூயார்க் ஆகிய மாநிலங்களில் காரிலோ வெளியிலோ போலீஸ் அலைவரிசை பிடிக்கும் ஸ்கேனருக்குக் கட்டுப்பாடு உண்டு. எங்கள் நியூ ஜெர்சியில் வைத்திருக்கலாம், ஆனால் குற்றம் செய்யும்போது வைத்திருந்தால் அதுவே தனிக் குற்றம். பாலம் தாண்டி நியூயார்க்குக்கு ஓட்டிப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஹாம் உரிமம் இருப்பவர்களுக்கு இந்த மாநிலங்களில் பொதுவாக விலக்கு உண்டு. ஹாம் தேர்வின் முதல் நிலை 35 கேள்விதான், ஸ்கேனர் பிடித்தவர்களுக்கு அதுவும் பிடிக்கும்.

ஊருக்கு எடுத்துப்போகலாமா என்று உறவினர்கள் கேட்பதுண்டு. வேண்டாம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் கம்பியில்லாத் தந்திக் கருவி வைத்திருப்பதையே 1933 சட்டம் தடுத்தது, 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதி கேட்கிறது. தம்பிக்குப் பரிசாகப் பெட்டியில் வைத்து அனுப்ப நினைத்தால் அவரைத்தான் சிக்கலில் விடுவீர்கள். பிரிட்டனில் கருவி வைத்திருக்கலாம், ஆனால் பொதுமக்களுக்கென்று ஒலிபரப்பப்படாத பேச்சைக் கேட்பது 2006 சட்டப்படி குற்றம். அங்கிருக்கும் நண்பர்கள் ஹாம், வானொலி என்று நின்றுகொள்வது நல்லது.

ஆறாம் படி: வாங்குவது

புதியது என்றால் திருப்பித் தரும் வசதி உள்ள கடையில் வாங்குங்கள். சைமல்காஸ்ட் பகுதியில் இது மிக முக்கியம், வீட்டில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பழையது என்றால் ஹாம் சந்தைகள் நல்ல இடம். ஒஹையோவின் சீனியாவில் மே மாதம் நடக்கும் டேட்டன் ஹாம்வென்ஷன்தான் பெரியது, ஆனால் ஒவ்வொரு மாநிலத்திலும் சிறியவை நடக்கின்றன. கருவியைக் கையில் வாங்கியதும் வானிலைச் சேனல்களைத் தட்டுங்கள். நியூயார்க் பக்கம் 162.550. எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பதால் 'இப்போது யாரும் பேசவில்லை' என்று விற்பவர் சொல்ல முடியாது. குரல் தெளிவாக வந்தால் அலைவாங்கியும் ஒலிபெருக்கியும் வேலை செய்கின்றன. அடுத்து ஸ்க்வெல்ச் (யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்குவது), ஒலியளவு இரண்டையும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், கரகரத்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது. பேட்டரி மூடியைத் திறந்து பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்டெனா செருகும் இடம் ஆடக் கூடாது. எல்லாப் பொத்தானையும் ஒரு முறை அழுத்துங்கள்.

வயதும் முக்கியம். 2013 ஜனவரி 1க்குள் 150 முதல் 174 வரையிலும், 421 முதல் 470 வரையிலும் இருந்த பெரும்பாலான துறைகளும் நிறுவனங்களும் 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்திலிருந்து 12.5க்குச் சுருங்க வேண்டியிருந்தது. குறுகிய எஃப்எம் தெரியாத அதற்கு முந்தைய கருவிகளில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மெலிந்து கேட்கும். 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலும் அலைவரிசைகளை இடம் மாற்றினார்கள், பழைய டிரங்கிங் ஸ்கேனர்கள் பல அதில் வழி தவறின. ரேடியோ ஷாக் என்ற கடையின் பெயர் போட்ட பழைய கருவிகள் பார்க்க அழகாக இருக்கும். விமானம் கேட்க மட்டும் என்றால் இருபது டாலருக்கு வாங்கலாம், வேறெதற்கும் வேண்டாம்.

ஏழாம் படி: ஆன்டெனாவும் பேட்டரியும்

கூட வருகிற ரப்பர் ஆன்டெனா எல்லாவற்றுக்கும் சுமார், எதற்கும் சிறப்பில்லை. இருபது முப்பது டாலரில் ஆன்டெனா மாற்றினால் நூறு டாலர் கூடுதல் ஸ்கேனரைவிடப் பலன் தெரியும். கணக்கு எளிது: 75ஐ மெகாஹெர்ட்சால் வகுத்தால் கால் அலை நீளம் மீட்டரில் வரும். விமானத்துக்கு 125 என்று வைத்தால் 60 சென்டிமீட்டர், 155க்கு 48, 850க்கு 9. எனவே விமானமும் ரயிலும் கேட்பவருக்கு நீளமானது வேண்டும். டயமண்ட் ஆர்எச்77சிஏ பலரும் விரும்புவது. 800 மெகாஹெர்ட்ஸ் மட்டும் என்றால் விரல் நீள ஆன்டெனாவே நல்லது. பிசி125ஏடியில் பிஎன்சி இணைப்பு, எஸ்டிஎஸ்100இல் எஸ்எம்ஏ. பார்த்து வாங்குங்கள்.

எஃப்எம் வானொலிக் கோபுரத்துக்கு அருகில் இருந்தால் பாட்டும் விளம்பரமும் விமானச் சேனலில் கசியும். 88 முதல் 108 வரை அடைக்கும் ஒரு சிறிய வடிகட்டி அதைத் தீர்க்கும்.

பேட்டரியில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் வகையே போடுங்கள். பிசி125ஏடியின் பேட்டரி அறைக்குள் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறது. சாதாரண ஆல்கலைன் போட்டால் அதை ஆல்கலைன் பக்கம் தள்ள வேண்டும். மறந்து சார்ஜரில் செருகினால் பேட்டரி கசிந்து கருவியே போய்விடும்.

எட்டாம் படி: முதல் வாரம்

பெட்டியைப் பிரித்த அன்றே 500 சேனலையும் நிரப்ப வேண்டாம். நிரப்பினால் எது எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஒரே இரைச்சலாக இருக்கும். முதல் வங்கியில் பத்தே பத்து: வானிலை, பக்கத்து விமான நிலையக் கோபுரம், அதன் தரைக் கட்டுப்பாடு, 121.5 அவசரச் சேனல், ரயில் ஒன்று, ஊர்த் தீயணைப்பு இரண்டு, கப்பல் 16, ஹாம் 146.520, விண்வெளி நிலையம் 145.800. பட்டனில் தட்டிப் பதிவது கண் வலிக்கும் வேலை, யூஎஸ்பி கம்பியில் இணைத்து மென்பொருளில் பதியுங்கள். டிஜிட்டல் யூனிடன்களுக்குச் சென்டினல் என்ற இலவச மென்பொருள் உண்டு, வாராவாரம் பட்டியலைப் புதுப்பித்துத் தரும்.

ஸ்க்வெல்சை இரைச்சல் அடங்கும் இடத்திலிருந்து ஒரே ஒரு படி மேலே வையுங்கள். அதற்கு மேல் போனால் மெலிந்த குரல்கள் வெளியிலேயே நின்றுவிடும். தொல்லை தரும் சேனலை லாக்அவுட் பொத்தானால் தாண்டுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், அலைவரிசை, கேட்டது என்ன. என் நோட்டில் முதல் மாதம் முழுக்க "புரியவில்லை" என்றுதான் இருக்கிறது. ரேடியோ பேச்சுக்குக் காது பழக நாளாகும். விண்வெளி நிலையம் உங்கள் ஊருக்கு மேலே வரும் நேரத்தை இணையத்தில் பார்த்து, திறந்த வெளியில் ஆன்டெனாவை அது வரும் பாதைக்குக் குறுக்காகப் பிடித்து நில்லுங்கள். பத்து நிமிடத்துக்குள் கடந்துவிடும். அதன் வேகத்தால் அலைவரிசை மூன்றரை கிலோஹெர்ட்ஸ் வரை மேலும் கீழும் நகரும், அதனால் குறுகிய எஃப்எம் வேண்டாம், சாதாரண எஃப்எம் முறையிலேயே விடுங்கள். பெரும்பாலான இரவுகளில் எதுவும் வராது. எனக்குப் பதினொன்றாவது முறைதான் ஒரு குரல் வந்தது, ஏதோ ஒரு பள்ளிப் பிள்ளையின் கேள்விக்கு மேலேயிருந்து வந்த பதில். நோட்டில் அந்த வரிக்கு மட்டும் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.